எட்டுப் பேர் லிஃப்ட்

சிவகாசியின் புது வணிக வளாகத்தில், முதலாளி லட்சுமிகாந்தம் தனியாக ஏறினாலே லிஃப்ட் மணியடித்து நின்றுவிடும். மற்றவர்களுக்கு ஓடும்.

மெக்கானிக் காலேப் தரைப்பலகையைக் கழற்றினார். பலகை எவ்வளவு அழுந்துகிறது என்பதை அடியிலுள்ள சென்சார் அளக்கும். எட்டுப் பேரின் எடையைத் தாண்டினால் மணியடிக்கும், கதவு மூடாது. மணல் மூட்டைகளை ஏற்றிப் பார்த்தார். அளவு சரியாகவே இருந்தது. முதலாளி ஏறியதும் ஒன்பது பேரின் எடை காட்டியது.

"ஏலே, என்னையப் பாத்தா ஒம்பது பேரு மாதிரியா இருக்கு?"

தரை துடைத்துக்கொண்டிருந்த பெர்சிஸ் நிமிர்ந்தாள். "நாரணாபுரத்துல ஒங்க பட்டாசு ஷெட்டுல நாலு பேருக்குத்தான் அனுமதி. எட்டுப் பேர அடைச்சீக. எந்தங்கச்சியோட சேத்து எட்டும் கருகுச்சு. அங்கன மணியடிக்க ஒண்ணுமில்ல மொதலாளி."

மறுநாளிலிருந்து முதலாளி நான்கு மாடியும் படியேறுகிறார். லிஃப்ட் நன்றாக ஓடுகிறது.