நாலு பெஞ்சு

சட்ட வரலாறு வகுப்பில் பேராசிரியர் சொன்னது இவ்வளவுதான். பழைய டச்சுக்காரர்கள் நீதிமன்றத்தை ‘ஃபீர்ஸ்கார்’ என்றார்கள். நாலு பெஞ்சு என்று அர்த்தம். திறந்தவெளியில் நாலு பெஞ்சைச் சதுரமாகப் போட்டுக் கயிறு கட்டினால் நீதிமன்றம் தயார். சூரியன் மறைந்தால் கலைந்துவிட வேண்டும். அன்று மாலையே விடுதி மைதானத்துக்கு நாலு பெஞ்சு வந்துவிட்டது, துணி காயப்போடும் கயிறும் வந்தது. “குற்றவாளி வேணுமேடா” என்றான் ஒருவன். “நான் இருக்கேன் மச்சான்” என்று நகுலன் உள்ளே குதித்தான். கயிற்றை இறுக்கி முடிந்தார்கள். “சரி, என்னடா தப்பு பண்ணேன்?” “அதைக் கண்டுபிடிக்கத்தானே உட்கார்ந்திருக்கோம்.” எல்லோரும் சிரித்தார்கள். அதன்பின் யாரும் சிரிக்கவில்லை. சாப்பிடப் போனவர்களும் வந்து உட்கார்ந்தார்கள். இடமில்லாதவர்கள் பின்னால் நின்றார்கள். ஒருவரும் கேள்வி கேட்கவில்லை, அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். “போதும்டா, அவுத்து விடுங்க.” யாரும் அசையவில்லை. கயிற்றில் கைவைத்தான், அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். நகுலன் கையை எடுத்துக்கொண்டு, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இறங்கும் சூரியனைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒருவழியாக அது மறைந்தது. அவன் பெருமூச்சு விட்டான். பெஞ்சிலிருந்து ஒருவன் நிதானமாக நடந்து போய் மைதானத்து விளக்கைப் போட்டான்.