கால் எட்டும் சைக்கிள்

கன்னத்தில் விழுந்த முதல் அறையிலேயே முதலாளியின் மூக்குக்கண்ணாடி பறந்துபோய் டயர்க் குவியலுக்குள் விழுந்தது. இரண்டாவது அறையில், கண்ணாடியைத் தேடிப் போனவர் போல, அவரும் அதே குவியலில் போய் விழுந்தார்.

சைக்கிள் கடையைத் திறந்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை. உள்ளே வந்தவன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நின்றான். ஆள் நிலைக்கதவு உயரம். தோளிலிருந்து இடுப்புவரை சட்டையில் ரத்தம், அதுவும் ஈரம் காயாத ரத்தம். ஆனால் அவன் முகத்திலோ கையிலோ ஒரு கீறல்கூட இல்லை.

யாரையோ தீர்த்துக்கட்டிவிட்டு வருகிறான் என்று முதலாளிக்குப் புரிந்துபோனது. கையெடுத்துக் கும்பிட்டார்.

“எத வேணும்னாலும் எடுத்துக்கங்கண்ணே. என்னை மட்டும் விட்டுடுங்க.”

“சைக்கிள் வேணும். மலையில ஓட்டற சைக்கிள். முதல் தரமா இருக்கணும்.”

முதலாளியின் கை மெல்ல மேஜை மேலிருந்த போனை நோக்கி நகர்ந்தது. அவன் காற்றடிக்கும் பம்பை எடுத்து ஒரே போடாகப் போட்டான். போனும் உடைந்தது, முதலாளியின் சுண்டுவிரலும் உடைந்தது.

“கத்தாத. பதில் சொல்லு. முதன்முதலா மலையில ஓட்டப்போறவன் எதைப் பாத்து வாங்கணும்?”

“அளவுண்ணே... அளவு சரியா இருக்கணும். அப்புறம் பிரேக்கு. முன்னால குலுக்கல் தாங்கற ஷாக்கு. ஃபிரேம்ல வெல்டிங் கெட்டியா இருக்கணும்.” ரத்தத்தோடு சேர்ந்து உண்மையும் வெளியே வந்தது. பத்து வருஷ வியாபாரத்தில் எந்த வாடிக்கையாளரிடமும் அந்த மனிதர் இத்தனை உண்மையை ஒரே மூச்சில் பேசியதில்லை.

“நீ மலையில ஓட்டியிருக்கியா?”

“எங்கண்ணே... கடைக்குப் பின்னாடிதான் பாதை இறங்குது. ஒரு நாள்கூட இறங்கினதில்ல. விக்கறதோட சரி.”

அவன் முதலாளியின் காலரைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினான். “அப்ப ஒண்ணு எடு. உன் உயிரா நெனச்சு எடு.”

அடிபட்ட தலையிலும் முதலாளிக்கு மூளை மட்டும் நன்றாக வேலை செய்தது. சுவரில் கறுப்பாக, எந்தப் பகட்டும் இல்லாமல் தொங்குகிறதே, அதுதான் மலைக்கு ஏற்ற சைக்கிள். வாசலில் சிவப்பாக, முன்னால் ஒரு ஸ்பிரிங் பின்னால் ஒரு ஸ்பிரிங் என்று மினுக்கிக்கொண்டு நிற்பது தெருமுனை வரை போய்வர மட்டும். நாலு பெரிய கல்லில் இறங்கினால் ஹேண்டில்பாருக்குக் கீழே கழுத்துப் பக்கம் வெல்டிங் விட்டுவிடும். ‘கரடுமுரடான பாதையில் ஓட்டக் கூடாது’ என்று கம்பெனிக்காரனே குட்டி எழுத்தில் ஸ்டிக்கர் ஒட்டித்தான் அனுப்புகிறான். பெட்டியைப் பிரித்ததும் அதை நகத்தால் சுரண்டி எடுப்பதுதான் முதலாளியின் முதல் வேலை.

கொலைகாரன் மலைப்பாதை வழியாகத் தப்பப் பார்க்கிறான். தாராளமாகப் போகட்டும். சிவப்பு சைக்கிளில் போனால் இரண்டாவது வளைவைத் தாண்ட மாட்டான்.

“இதாண்ணே முதல் தரம்!” சிவப்பைத் தட்டிக் காட்டினார். “போன வாரம்கூட ஒரு பையன் இதேதான் எடுத்துட்டுப் போனான். அவனும் புதுசா ஓட்டறவன்தான். இப்ப தினம் இந்தப் பாதையில பறக்கறான்.”

அவன் குனிந்து ஸ்டிக்கர் இருந்த இடத்தின் பிசுபிசுப்பை விரலால் தடவிப் பார்த்தான்.

“பறக்கறானா?”

“ஆமாண்ணே. ஒரு குறை சொல்லல.”

அடுத்த குத்து அடிவயிற்றில் இறங்கியது. முதலாளி இரண்டாக மடங்கி, பெடலைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். பொய் தெரிந்திருக்க வழியே இல்லையே, இது எதற்கு விழுந்தது என்று அவருக்கு விளங்கவில்லை.

“ஏறி உட்காந்து காட்டு,” என்றான் அவன்.

முதலாளி குட்டை. சீட்டில் உட்கார்ந்ததும் கால் அந்தரத்தில் ஆடியது.

“சீட்ட இறக்கு.”

உடைந்த விரலோடு லீவரைத் தளர்த்தி, பல்லைக் கடித்துக்கொண்டு இறக்கினார். இரண்டு பாதமும் தரையில் படிந்த பிறகுதான் அவன் தலையாட்டினான். புதிதாக ஓட்டுபவர்கள் எல்லாருமே கால் தரையில் எட்ட வேண்டும் என்றுதான் கேட்பார்கள். இந்த நெட்டையன் இதில் ஏறினால் முட்டி மார்பில் இடிக்கும். இடிக்கட்டும் என்று முதலாளி உள்ளுக்குள் சந்தோஷப்பட்டார்.

அவன் ஒரு கையால் சைக்கிளையும் மறு கையால் முதலாளியையும் இழுத்துக்கொண்டு பின்கதவை உதைத்துத் திறந்தான். வாசற்படியிலிருந்தே பாதை செங்குத்தாக இறங்கியது. வழியெல்லாம் தலை தலையாகக் கற்கள், இரண்டாவது வளைவில் கிடுகிடு பள்ளம்.

“பத்திரமா போங்கண்ணே,” என்று முதலாளி மரியாதையாக வழிவிட்டார்.

அவன் அவரைக் கோழிக்குஞ்சைத் தூக்குவதுபோல் தூக்கிச் சீட்டில் வைத்தான். இரண்டு பாதமும் தரையில் கச்சிதமாகப் படிந்தன. முதுகில் அவன் உள்ளங்கை வந்து அழுந்தியது.

“ஐயோ, வேணாம்ணே! இது தாங்காது! ரெண்டாவது வளைவுலயே கழுத்து ஒடிஞ்சிடும்! சுவத்துல தொங்குது பாருங்க, மலைக்கு அதுதாண்ணே!”

கடைக்குள் வந்ததிலிருந்து முதல் முறையாக அவன் குரல் உடைந்தது.

“இத போன வாரம் என் தம்பிகிட்ட சொல்லியிருக்கலாமே, முதலாளி.”