முப்பத்தெட்டாவது பேட்டி

பல்லடம் பக்கத்தில் ஒரு நூல் மில்லின் பெண்கள் விடுதியில், ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்தவர்களைப் பேட்டி எடுக்க வந்திருந்தாள் தவமணி. அவள் தமிழில் கேட்பதை, கழுத்தில் தொங்கிய மொழிபெயர்ப்புக் கருவி அந்த நொடியே சுத்தமான ஒடியாவில் கேட்கும்; அவர்கள் பதிலைத் தமிழில் சொல்லும். தாய்மொழியில் கேட்டால்தான் மனசு திறக்கும் என்று அவளை அனுப்பிய ஆய்வு மையத்தில் எல்லோரும் நம்பினார்கள். மூன்று நாளில் முப்பத்தேழு பெண்கள் பேசியாயிற்று. யாருக்கும் எந்தக் குறையும் இல்லையாம்.

அடுத்து வந்த பசந்தி, கருவி பேசத் தொடங்கியதுமே பதறி எழுந்து நின்றுவிட்டாள்.

"அக்கா, அத அணைங்க. தமிழ்லயே கேளுங்க."

"உன் பாஷைன்னா சுலபமா இருக்குமேம்மா?"

"மில்லுல ஸ்பீக்கர்ல எங்கள எழுப்புறது, திட்டுறது எல்லாம் இதே குரல்தான். அதுகிட்ட எப்படிச் சொல்றது?"

தவமணி கருவியை அணைத்துப் பைக்குள் போட்டாள். பசந்தி உட்கார்ந்து, தெரிந்த தமிழில், வார்த்தை வராத இடத்தில் கையால் காட்டிச் சொன்னாள். முந்தாநாள் துப்பட்டாவுக்குள் கையை மறைத்துக்கொண்டு, பேட்டியில் சௌக்கியம் என்று சொல்லிவிட்டுப் போன ஜமுனாவுக்கு, மெஷினில் சிக்கி இரண்டு விரல் போயிருந்தது. டாக்டரிடம் காட்டவில்லை. இப்போது காய்ச்சலில் பிதற்றிக்கொண்டு கிடக்கிறாள்.

"எந்த ரூம்?" என்று கேட்டுக்கொண்டே தவமணி மாடிக்கு ஓடினாள்.

ஆம்புலன்ஸ் போன பிறகு மையத்துக்குப் போன் செய்து, முப்பத்தேழு பேரையும் மறுபடி பார்க்க வேண்டும் என்றாள்.

"அரைகுறைத் தமிழில் எடுத்தால் தரவு கெட்டுப்போகாதா?" என்றார் இயக்குநர்.

"கெட்டதைத்தான் சார் இதுவரைக்கும் அனுப்பியிருக்கேன்."