பதினோராவது சட்டம்

பத்தாண்டுகளாக ஏர் படாத கரிசல் காட்டில் எஸ்தர் தன் ஆய்வுக்காகச் செடிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். ஒரு மீட்டர் சதுரக் கம்பிச் சட்டத்தைப் பார்க்காமல் தோளுக்குப் பின்னால் வீச வேண்டும். அது விழுந்த இடத்தில் இருப்பதையெல்லாம் எழுத வேண்டும். எதையும் பிடுங்கக் கூடாது. பத்து முறையும் நெருஞ்சிதான் அதிகம். பதினோராவது முறை சட்டத்துக்குள் அருகம்புல்லும் தும்பையும் மட்டுமே இருந்தன. மண்ணில்தான் ஏதோ வித்தியாசம் என்று எஸ்தருக்கு ஒரே உற்சாகம். ஒரு பை மண் எடுக்கக் கொத்துக்கரண்டியை ஊன்றினாள்.

"யக்கா, அங்க தோண்டாதீக!" ஆடு மேய்த்துக்கொண்டிருந்த செல்லக்கிளி ஓடிவந்தாள்.

"இங்க மட்டும் ஏம்மா நெருஞ்சியே இல்ல?"

"நாந்தான் தெனமும் பிடுங்குறேன். எம்மவள இங்கதான் பொதைச்சிருக்கு, ஆறு மாசப் பிள்ள. இருந்தா இந்நேரம் நடப்பா. முள்ளு குத்துமில்ல?"

எஸ்தர் கரண்டியைப் பைக்குள் வைத்தாள். அருகம்புல்லுக்கு அடியில் நகத்தளவில் ஒரு நெருஞ்சி முளைத்திருப்பதை அப்போதுதான் கண்டாள். தாளில் 'நெருஞ்சி: 1' என்று எழுதினாள். பிறகு அந்தச் செடியை வேரோடு பிடுங்கினாள்.