ஆடும் கல்

"கீழ ஆள் நிக்குதுன்னு தெரிஞ்சும் கல்லை உருட்டி விட்டிருக்கியே, உனக்கெல்லாம் மனசுன்னு ஒண்ணு இருக்கா?"

செருப்புக் கடைக்காரர் போட்ட சத்தத்தில், பாறையடியில் காத்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் மலையேற்றம் பழகும் அந்தப் பாறையில் கால் வைக்க இடம் இருக்காது. ஏறுகிறவர்கள் ஒரு பக்கம், கயிற்றைப் பிடித்து இறங்குகிறவர்கள் ஒரு பக்கம் என்று சந்தைக்கடைதான். வாரம் முழுக்கச் செருப்பு விற்கிற மனுஷன், ஞாயிறு வந்துவிட்டால் அங்கே சட்டம் பேச ஆரம்பித்துவிடுவார். இளவட்டங்கள் அவருக்கு வைத்த பெயர் 'ரூல்ஸ் மாமா'.

இன்றைக்கு அடிபட்டது அவருடைய மகளுக்கே. மேலிருந்து வந்த கல் அவள் தோளில் விழுந்து, உருண்டு, பக்கத்துப் பள்ளத்துக்குள் போய்விட்டது. கூட ஏற வந்திருந்த நர்ஸ் ஒருத்தி, அவள் கையை மடக்கித் துணியால் கட்டிக்கொண்டிருந்தாள்.

கல்லைத் தள்ளியவன் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் இளைஞன். இடுப்புக் கயிற்றைக்கூட அவிழ்க்காமல் வெளிறிப்போய் நின்றான்.

"வேணும்னு செய்யல சார். கால் வெச்சேன், பேந்து வந்திருச்சு."

"இறங்குறதுக்கு முன்னாடி குரல் குடுத்தியா?"

"குடுத்தேன் சார். 'கயிறு'ன்னு கத்தி, கீழயிருந்து 'சரி'ன்னு பதில் வந்த பிறகுதான் கயித்தையே போட்டேன்."

"கல்லு பேந்தப்போ?"

"'கல்லு, கல்லு'ன்னு கத்தினேன்."

"கத்தினார்ப்பா," என்றாள் மகள், வலியில் பல்லைக் கடித்துக்கொண்டே. "அதைக் கேட்டுத்தான் நான் நிமிராம பாறையோட பாறையா ஒட்டிக்கிட்டேன். நிமிர்ந்து பார்த்திருந்தா மூஞ்சி போயிருக்கும்."

"நீ சும்மா இரு. அடிபட்டவளே அவனுக்கு வக்காலத்து வாங்குறியா?"

வீங்கிப்போன அந்தத் தோளைப் பார்க்கப் பார்க்க அவருக்கு ரத்தம் கொதித்தது. கல் ஒரு சாண் தள்ளி விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தார். அந்தப் பயமும் கோபமாகத்தான் வெளியே வந்தது.

"அந்தக் கல்லு ஆடுற கல்லுன்னு இங்க வர்ற எல்லாருக்கும் தெரியும்டா. ஆடுற கல்லுல எல்லாம் சாக்பீசால பெரிசா இன்ட்டு மார்க் போட்டு வெச்சிருப்போம். மார்க் போட்ட கல்லைத் தொடக் கூடாதுன்னு பச்சைப் புள்ளைக்கும் தெரியும். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டி விடுறியே, உன் கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?"

"மார்க் இல்ல சார். இருந்திருந்தா நான் ஏன் கால் வெக்கிறேன்?"

"கல்லுதான் பள்ளத்துக்குள்ள போயிடுச்சே, இனிமே என்ன வேணா சொல்லலாம்னு பாக்குறியா?" அவர் நர்ஸ் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. அதுல மார்க் இருந்துச்சா, இல்லையா?"

நர்ஸுக்குச் சொல்ல மனசே இல்லை. "போன வாரம் நானேதான் போட்டேன். பெரிசாத்தான் போட்டேன்."

"மழையில அழிஞ்சிருக்குமோ?" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"எங்கய்யா பெஞ்சுது மழை? மண்டையப் பிளக்குது வெயிலு." ரூல்ஸ் மாமா இளைஞனை நோக்கி விரலை நீட்டினார். "கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கும்பாங்க. உன் புளுகு எட்டு நிமிஷம் தாங்கல. வனக்காவலருக்கு ஃபோன் போட்டாச்சு, வந்துக்கிட்டே இருக்கார். முதல்ல பாறை ஏறக் குடுத்த உன் அனுமதி அட்டையைப் பிடுங்கச் சொல்றேன். இனி இந்தப் பாறைப் பக்கம் உன் நிழல்கூட விழக் கூடாது."

இளைஞன் கெஞ்சினான். "சார், அதை மட்டும் செஞ்சிடாதீங்க. அடுத்த மாசம் தீயணைப்புல மீட்புக் குழுவுக்கு ஆள் எடுக்குறாங்க. அட்டை இல்லேன்னா உள்ளயே விட மாட்டாங்க. அதுக்காகத்தான் இத்தனை நாளா இந்தப் பாறையே கதின்னு கிடக்கேன்."

"என் பொண்ணு தோளை ஒடைச்சவன், ஊரைக் காப்பாத்தப் போறியாக்கும்."

பொய் சொன்னவனுக்காக யார் பரிந்து பேசுவார்கள்? கூட வந்த நண்பன்கூடக் கயிற்றைச் சுருட்டுகிற சாக்கில் தள்ளிப் போய்விட்டான்.

வனக்காவலர் மூச்சு வாங்க மேடேறி வந்தார். அவர் நிதானிக்கக்கூட நேரம் கொடுக்காமல் ரூல்ஸ் மாமா பிடித்துக்கொண்டார்.

"வாங்க. இவன் அட்டையை வாங்கிக் கிழிச்சுப் போடுங்க. ஆடுற கல்லுன்னு மார்க் போட்டிருக்கு, அதுலயே கால் வெச்சு என் பொண்ணு மேல தள்ளிட்டான். கேட்டா, மார்க்கே இல்லைன்னு சாதிக்கிறான்."

இளைஞன் அதற்கு மேல் வாதாடவில்லை. கழுத்தில் தொங்கிய அட்டையைக் கழற்றி நீட்டினான்.

வனக்காவலர் அதை வாங்கவில்லை. ரூல்ஸ் மாமாவையே குழப்பத்தோடு பார்த்தார்.

"மார்க் எப்படி சார் இருக்கும்? ஏறினவன் எவனும், வழுக்காம இருக்கக் கையில பூசுற சாக்பீஸ் பொடியை ரூல்ஸ்படி பாறையிலருந்து துடைச்சிட்டுப் போறதில்லைன்னு கோவிச்சுக்கிட்டு, நேத்துப் பகல் பூரா கயித்துல தொங்கி, ஒரு வெள்ளைப் பொட்டு விடாம பிரஷ் போட்டுத் தேச்சு எடுத்தது நீங்கதானே?"