நாலு டயர்

காலை ஏழு பத்து. நீடாமங்கலம் ஸ்டேஷன் கூட்ஸ் ஷெட்டின் தகரக் கூரையிலிருந்து தைப்பனி இன்னும் சொட்டுகிறது. எல்லையம்மாள் காகிதம் சுற்றிய டயர் ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு வருகிறாள். ஏற்கெனவே மூன்றை ஜீப்பில் ஏற்றிவிட்டாள். காகிதம் கிழிந்த இடத்தில் ரப்பர் ஈரம் பட்டதுபோல் கறுத்து மின்னுகிறது. இளம் மிராசுதார் உலகநாதன் ஜீப்பின் பின்கதவைப் பிடித்தபடி நிற்கிறான். அடுத்த சனி, ஞாயிறு சோழவரத்தில் கார்ப் பந்தயம். போன வருடப் பந்தயத்துக்கு அவன் வாங்கிய நான்கு டயர்களும் இரண்டே நாளில் வழவழவென்று தேய்ந்துபோயின. பந்தயக் காருக்கு அப்படித்தான். வயலில் சம்பா முற்றிச் சாய்ந்து கிடக்கிறது. கூலியில் அரைப்படி நெல் கூட்டித் தரும்வரை அறுப்புக்கு ஆள் இறங்குவதில்லை. நேற்று தாலுகா ஆபீஸ் பேச்சுவார்த்தையில் எல்லையம்மாள் கூலியாட்கள் பக்கம், எதிர் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாள். "அரைப்படியா? கட்டுப்படியாகாது" என்று அவன் அவள் முகத்தைப் பார்த்தே சொன்னான். அறுப்பு இல்லாததால் இன்று அவள் இங்கே சுமை தூக்குகிறாள்.

டயரை இறக்கிவைத்து முந்தானையால் கழுத்தைத் துடைக்கிறாள்.

"பண்ணை வண்டிக்குங்களா, சின்னய்யா?"

"இல்ல. காருக்கு."

"அந்தச் செவப்புக் காரா? ரெண்டு பேர் ஏறினா மூணாவது ஆளு மடியிலதான்."

அவள் சிரிக்கிறாள். அவனும் சிரிக்கப் பார்க்கிறான். புது ரப்பரின் வரிகளை அவள் நகத்தால் ஒவ்வொன்றாகத் தடவுகிறாள். அவன் ஜீப் சாவியை உள்ளங்கையில் வைத்து அழுத்துகிறான்.

"பண்ணை வண்டி டயரு பன்னெண்டு வருஷமா ஓடுது. இது எத்தனை வருஷத்துக்கு வருங்க?"