பூஜ்யத்துக்கு மசக்கை

"என்னப்பா, தொட்டில் வாங்கிட்டியா? உன் சிப்பு நல்ல சேதி சொல்லுதே!"

மேடம் கேட்டதும் ஆய்வகமே சிரித்தது. சிரிக்காதவன் சர்க்யூட்காரன் ஒருவன்தான். நான்கு வருடமாக அவன் பெற்று வளர்த்தது அந்த ஒரு சிப்பைத்தான்.

நகத்தளவு சிப்பு. மின்னழுத்தத்தைத் திருகினால் வேலை மாறும். ஒரு சொட்டு எச்சிலை வைத்தால் முதல் திருகில் சர்க்கரையைச் சொல்லும், அடுத்ததில் மன உளைச்சலை, மூன்றாவதில் கர்ப்பத்தை. மதியம் மதிப்பீட்டுக் குழு வருகிறது. சிப்பு சொதப்பினால் அதுவும் அவனும் ஒரே குப்பைத்தொட்டிக்கு.

சொதப்பியதோ பூஜ்யத்தில். 'ஒன்றுமில்லை' என்று காட்டுவதற்காகவே வைக்கும் ப்ளாங்க் எச்சிலுக்கு, மூன்றாவது திருகில் கோடு உச்சாணிக்கொம்பில் ஏறி உட்கார்ந்திருந்தது.

காலையில் முதலில் வருகிறவர்தான் ப்ளாங்க் குழாயில் துப்ப வேண்டும். மேடம் போட்ட சட்டம். போட்ட நாளிலிருந்து ஆய்வகத்தில் ஒருவருக்கும் சீக்கிரம் விடிவதில்லை. இன்று அவன் வந்தபோதே விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. குழாயும் தயாராக இருந்தது.

"மூணு தடவை கழுவிப் பாத்துட்டேன் மேடம். அதையேதான் சொல்லுது."

"பொய்யைக்கூட அழுத்தந்திருத்தமா சொல்லுது. வளர்ப்பு அப்படி!"

அவனுக்குப் பொறி தட்டியது. புதிதாகக் கல்யாணமான கெமிஸ்ட்ரிக்காரியைப் பார்த்தான். எல்லோரும் பார்த்தார்கள்.

"ஐயோ, என்னை ஏன் பாக்கறீங்க? பஸ்ஸை விட்டுட்டு இப்பதானே மூச்சு வாங்க வந்து நிக்கறேன்!"

"பாவம், அவளை விடுங்க" என்றார் மேடம். "என் பொண்ணுக்கே மாப்பிள்ளை பாத்துக்கிட்டிருக்கேன். இந்த வயசுல உங்க கூத்தையெல்லாம் பாக்கணும்னு என் தலையெழுத்து. கழட்டி எறிப்பா அதை!"

அவன் சிப்பின் மேல் கை வைத்தான். வயிற்றெரிச்சலில் வாய் சும்மா இருக்கவில்லை.

"எறிஞ்சிடறேன் மேடம். ஆனா அந்தக் குழாயில துப்பினது யாரு? பேயா?"

பதிலடி கொடுக்க மேடம் வாயைத் திறந்தார். ஆனால் கை பின்னால் நாற்காலியைத் தேடியது.

"கழட்டாதேப்பா..." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "இன்னைக்கு முதல்ல வந்தது நான்தான்."